பொருந்தாத பதில்

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடியம்மாவின் கைப்பேசி ஒருநாள் லென்ஸ் கழுவும் தொட்டிக்குள் விழுந்து எழுந்தது. அன்றிலிருந்து அது காதோடு பேசுவதை விட்டுவிட்டது; ஸ்பீக்கரைப் போட்டால்தான் வாயைத் திறக்கும். யார் கூப்பிட்டாலும் கடையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டாக வேண்டும். "கொடும்மா, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தரேன்" என்று மகன் பலமுறை கேட்டுவிட்டான். "இருக்கட்டும்ப்பா, வேலை நடக்குதுல்ல" என்று மழுப்பிவிடுவாள். அவன் கையில் ஒரு கைப்பேசியை, அதுவும் சேமிப்புக் கணக்கெல்லாம் இருக்கிற கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார அவளால் முடியாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

யாரிடமும் என்றால், ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. சேமிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் அன்றைக்குப் போனை எடுத்த ஒரு பையன், அவ்வளவுதான்.

மகன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அழுது தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பாள். நல்லவனாக இருந்துகொண்டே கைப்பேசியில் சூதாடினான், அதுதான் அவள் தலையெழுத்து. அப்பா போன துக்கத்தில் தொடங்கியது, துக்கம் போன பிறகும் போகவில்லை. ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் மேஜைமேல் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று இருந்தது. திருடன் வந்துவிட்டான் என்று அவள் பதறிப்போய்க் கத்த, பின்னறையிலிருந்து வந்த மகன், "கத்தாதம்மா, நான்தான் வித்துட்டேன்" என்றான். அந்தச் சதுரத்தை அவள் பல நாள் துடைக்காமல் விட்டிருந்தாள்.

அப்புறம் அவன் சிகிச்சைக்குப் போனான். வாரம் தவறாமல் அந்த மாதிரி ஆட்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கும் போனான். திரும்பி வந்து ஃபிரேமுக்குத் திருகு போடுவதில் தொடங்கி, கண் பரிசோதனை வரைக்கும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டான். "இவங்களுக்கு நம்பிக்கைதான் மருந்து. வீட்டுல நம்பலேன்னா மறுபடியும் அங்கதான் போவாங்க" என்று அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு நல்ல நாளில், பக்கத்து ரொட்டிக் கடைக்காரரையும் எதிர்க்கடைத் தையல்காரரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே கடைச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். "இனிமே எல்லாம் இவன்தான்" என்றாள். அவன் கண் கலங்கிவிட்டான். ரொட்டிக் கடைக்காரர் எல்லாருக்கும் பன் கொடுத்தார்.

அதே மாதத்தில்தான் அந்தச் சாயங்காலமும் வந்தது. பின்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து மகன் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் ஓடிய ஓட்டம் அவள் முன்பு பார்த்த அதே ஓட்டம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் சேமிப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டு, தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதி வைத்திருந்த நாமினி பெயரை மாற்றச் சொன்னாள். மகன் பெயரை எடுத்துவிட்டுத் தம்பி மகள் பெயரைப் போடச் சொன்னாள்.

"காரணம் சொல்லணும்மா, எங்க விதி அப்படி" என்றான் அந்தப் பையன். சொந்தக் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் குரல் இதமாக இருந்தது, அம்மா என்று வேறு கூப்பிட்டுவிட்டான். அவள் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். கொட்டி முடித்ததும் லேசாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சாயங்காலம் மகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது பின்னால் தெரிந்தது. கூட்டத்துக்கு வருகிற ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். "ஒருநாள் கை அரிச்சுத் தாங்கல. உங்க பையன்தான் மெசேஜ் மேல மெசேஜ் போட்டு என்னை விளையாட விடாமப் பிடிச்சு வச்சிருந்தான்" என்றார். நாளையும் சொன்னார், அதே சாயங்காலம்தான். கண்ணாடியம்மா அவருக்கு ஃபிரேமில் தள்ளுபடி போட்டுக் கொடுத்தாள். நாமினியை மட்டும் திரும்ப மாற்றவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். சோம்பல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோம்பலும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகுதான் திருட்டு நடந்தது. யாரோ எங்கிருந்தோ நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்துவிட்டார்கள். பணத்தைத் தொடவில்லை. வாடிக்கையாளர்கள் வருடக்கணக்கில் பேசிய பேச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நிறுவனம் கேட்ட தொகையைக் கொடுக்கவில்லை என்று, அத்தனை பேச்சையும் பொதுவில் போட்டார்கள். போன் நம்பரைத் தட்டினால் போதும், அந்த நம்பர்காரர் என்றைக்கு என்ன பேசினாரோ அது அப்படியே கேட்கும். 'இந்த அழைப்பு சேவையின் தரத்திற்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்று ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்லும் அல்லவா, அதை யார் காதில் வாங்கினார்கள்? மணி அடிப்பதைப் போல அதுவும் ஒரு சத்தம் என்று நினைத்திருந்தார்கள்.

அந்த வலைத்தளத்தைச் சில நாட்களில் மூடிவிட்டார்கள். ஆனால் அந்தச் சில நாட்களில் கடைத்தெருவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலில் மாட்டியவர் ரொட்டிக் கடைக்காரர். மனைவியின் கண்ணில் படாமல் பணம் போட என்ன திட்டம் இருக்கிறது என்று அவர் விலாவாரியாக விசாரித்தது வெளியில் வந்துவிட்டது. அவர் மனைவி அதைத் தன் அக்கா தங்கைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். அன்றிலிருந்து அவர் மாவு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார். தெரு சிரித்தது. கண்ணாடியம்மாவும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று.

நிறுவனம் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பியது. நடந்ததற்கு வருந்துகிறோம், உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது என்று அதில் இருந்தது. பத்திரமாகத்தான் இருந்தது, ஒரு காசு குறையவில்லை. அதைப் படித்துவிட்டு மகன் குதித்தான்.

"பணம் இருக்காம். வேற எதுவும் போகலையாம். இவனுங்களைச் சும்மா விடக்கூடாதும்மா."

"நமக்கு எதுக்குப்பா வம்பு? என் நம்பரை யார் தட்டப் போறாங்க?"

"யார் தட்டினாங்களோ, தட்டலையோ. நான் யார் பேச்சையும் தேடிக் கேக்கப் போறதில்ல. அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிற மாதிரி அது. ஆனா கேஸ் போட்டே ஆகணும்."

கேட்கப் போவதில்லை என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கண்ணாடியம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் கேட்டால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் மேஜைமேல் இருந்த அந்தச் சதுரம்தான் கண்முன் வந்தது. இந்த முறை இயந்திரத்தோடு நிற்காது. அவன் ஆளே மிஞ்ச மாட்டான் என்று அவள் பயந்தாள்.

மகனோ வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக வேலையில் இறங்கிவிட்டான். கடை கடையாக ஏறி, நிறுவனத்தில் பணம் போட்டவர்களை ஒன்று சேர்த்தான். ரொட்டிக் கடைக்காரர் முதல் ஆளாக வந்தார், அவருக்கு இனிமேல் இழக்க ஒன்றுமில்லை. இப்படி ஒரு காரியத்தில் மகன் முன்னால் நிற்பதை அவள் பார்த்ததே இல்லை. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒருநாள் அவளையும் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனான்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே தரை லேசாக அதிரும். வக்கீலம்மா நறுக்கென்று பேசுகிறவர். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண்ணாடியம்மாவுக்கு அதைக் கழற்றி நேர் செய்து கொடுக்கக் கை பரபரத்தது.

"உங்களுக்கு என்னென்ன வழி இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன்" என்றார் வக்கீலம்மா. "மேற்பார்வை ஆணையத்துல புகார் கொடுக்கலாம். செலவு கிடையாது. அவங்க விசாரிச்சு அபராதம் போடுவாங்க. ஆனா அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு ஒண்ணும் வராது. கம்பெனிகிட்ட இருக்கிற உங்க பேச்சுப் பதிவை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு. அழிச்சோம்னு கம்பெனி எழுதிக் கொடுக்கும். வெளியில போனதை அவங்களால அழிக்க முடியாது."

"சிந்தின பாலுதான்" என்றாள் கண்ணாடியம்மா.

"இல்லேன்னா கம்பெனி கொடுக்கிற சமரசத்தை வாங்கிக்கலாம். சின்னத் தொகை. அதோட, உங்க பேர்ல யாராவது மோசடி பண்றாங்களான்னு ஒரு வருஷம் கண்காணிச்சுச் சொல்லுவாங்க. அதை ஏத்துக்கிட்டா அப்புறம் வழக்குப் போட முடியாது. தனியா வழக்குப் போடலாம், ஆனா கையைக் கடிக்கும். நான் சொல்றது கூட்டு வழக்கு. எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு. எல்லார் சார்பாவும் ரெண்டு மூணு பேர் முன்னால நிப்பாங்க."

"நஷ்டம்னு என்ன காட்டுறது மேடம்?" என்று மகன் கேட்டான். "யாருக்கும் பணம் போகலையே."

"அதுதான் சிக்கலே. பணம் போனவங்களுக்கு வழக்கு சுலபம், கணக்கைக் காட்டினா முடிஞ்சுது. மனசு நொந்ததுக்குக் கணக்கு காட்டணும்னா, என்ன வெளியில போச்சு, அதனால வாழ்க்கையில என்ன ஆச்சுன்னு நீதிபதி முன்னால சொல்லியாகணும். மறைக்க நினைச்சதைச் சொன்னாத்தான் மறைக்க நினைச்சேன்னு நிரூபிக்க முடியும்." இதைச் சொல்லிவிட்டு வக்கீலம்மாவே ஒரு பெருமூச்சு விட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்சிக்காரர் தன் பதிவைத் தானே கேட்காமல் வழக்கில் கையெழுத்துப் போட விடமாட்டார். அதற்காக நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு ஒவ்வொருவருடைய பதிவையும் முறைப்படி வாங்கி வைத்திருந்தார். கண்ணாடியம்மாவை மட்டும் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போய், கட்டுக்கட்டாகக் காகிதங்கள் அடுக்கியிருந்த அலமாரிகளுக்கு நடுவே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

முதலில் ஒரு இயந்திரக் குரல் தேதியைச் சொன்னது. அந்தத் தேதியைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சூதாடிய காலத்தில் பேசியது என்று ஒரு சப்பைக்கட்டு கட்டலாம் என்று அவள் மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தாள். அதுவும் போயிற்று. சாவியைக் கொடுத்த அதே மாதம்.

பிறகு அவள் குரல் வந்தது. தன் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. "என் பிள்ளைதான்ப்பா, இல்லேங்கல. ஆனா அவன் கையில போனா மிஞ்சாது. திருந்திட்டான்னு ஊருக்குச் சொல்லிட்டேன். எனக்கு நம்பிக்கை வரல. அவன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, அதான் உன்கிட்ட சொல்றேன்." அந்தப் பையன், "புரியுதும்மா, வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டான். அத்தோடு பதிவு முடிந்தது.

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மகன் வக்கீலம்மாவிடம் பேசுவது கேட்டது.

"கோர்ட்டுல ரெக்கார்டிங்கை மட்டும் போட்டுக் காட்டுவாங்களா மேடம், இல்ல அம்மாவே வாயால சொல்லணுமா?"

"கூண்டுல ஏறி அவங்களேதான் சொல்லணும். மூடின அறையில விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம். வெளியாள் யாரும் இருக்க மாட்டாங்க. கூட வர்ற குடும்பத்து ஆள் உக்காரலாம்."

"அப்போ சரி" என்றான் மகன்.

எதற்கு அப்போ சரி என்று அவளுக்கு விளங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வக்கீலம்மா அவளைத் தனியாக நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க பதிவு கனமானது. இதுல பணமே இல்ல, முழுக்க முழுக்க மனசு. நீங்க முன்னால நின்னா வழக்கு நிக்கும். ஆனா நான் வற்புறுத்த மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் கம்பெனிக்காரங்க போன் பண்ணினா எதுவும் பேசாதீங்க, என்கிட்ட அனுப்புங்க."

படி இறங்கும்போது மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன பேசியிருந்தாலும் பரவாயில்லம்மா" என்றான். "நீ முன்னால நில்லு, நான் கூடவே இருப்பேன்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படி சரியில்லை என்று முணுமுணுத்துச் சமாளித்தாள்.

அதன் பிறகு அவளுக்கு வேலையில் மனம் ஓடவில்லை. ஒருவருக்குப் போட வேண்டிய லென்ஸை இன்னொருவர் ஃபிரேமில் போட்டுக் கொடுத்து, அவர் சுவரில் முட்டிக்கொண்டு வந்து சண்டை போட்டார். மகன் தினமும் ஒருமுறை கேட்பான்: "என்னம்மா முடிவு பண்ணினே?" அவசரப்படுத்தவும் மாட்டான், விடவும் மாட்டான். கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சமரசத்தை வாங்கிக்கொண்டுவிட்டால் கூண்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. கை தவறிப் பொத்தானை அழுத்திவிட்டேன், எனக்கு என்ன தெரியும், வயசாகிவிட்டது என்று மகனிடம் அழுதுவிடலாம். அவன் கோபப்படுவான். படட்டும். கோபம் ஆறிவிடும், இது ஆறாது.

மறுபடியும் அவன் முதுகுக்குப் பின்னால்தான் செய்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் செய்திருப்பாள்.

மகன் மொத்த வியாபாரக் கடைக்கு லென்ஸ் வாங்கப் போன ஒரு பகலில், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து நிறுவனத்துக்குப் போன் போட்டாள். கைப்பேசியை மேஜைமேல் ஃபிரேம்களுக்கு நடுவே வைத்தாள். 'இந்த அழைப்பு சேவையின் தரத்திற்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்றது அதே குரல். இந்த முறை அவள் அதைக் கவனமாகக் கேட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். கண்ணாடியம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"சமரசத்தை ஏத்துக்கிறீங்க, அப்படித்தானே மேடம்? நல்லது. நீங்கதான் பேசுறீங்கன்னு உறுதி பண்ண சில கேள்விகள் கேக்கணும்."

பிறந்த தேதியைக் கேட்டாள். முகவரியைக் கேட்டாள். ஊருக்கெல்லாம் தெரிந்துபோன விவரங்களைக் கேட்டுத்தான் இன்னமும் ஆளை அடையாளம் காண்கிறார்கள், அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல. கண்ணாடியம்மா கடகடவென்று பதில் சொன்னாள்.

"கடைசிக் கேள்வி மேடம். உங்க நாமினி பேர் என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் மேஜைமேல் இருந்த சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியில், வாடிக்கையாளர் ஃபிரேம் போட்டு அழகு பார்க்கிற அந்தக் கண்ணாடியில், பின்வாசல் தெரிந்தது. வாசலில் லென்ஸ் பெட்டியை மார்போடு அணைத்தபடி மகன் நின்றிருந்தான். மொத்தக் கடையில் கூட்டம் இல்லையோ என்னவோ, போன சுருக்கில் திரும்பியிருந்தான்.

போனை வைத்திருக்கலாம். அது தோன்றவில்லை. வாயில் வந்தது மகன் பெயர்தான். அதைச் சொன்னாள்.

"மன்னிக்கணும் மேடம், பதில் பொருந்தல. இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க."

கடை முழுக்க அந்தக் குரல் கேட்டது. கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை, சுவரெல்லாம் தொங்கும் ஃபிரேம்கள், பின்வாசல், எல்லா இடத்துக்கும் போயிற்று. கண்ணாடியில் மகன் அசையவில்லை. அவள் மறுபடியும் மகன் பெயரையே, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, முழுசாகச் சொன்னாள். முதலெழுத்துத்தான் விட்டுப்போயிற்று என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு அற்ப ஆசை.

"பொருந்தல மேடம். இன்னும் ஒரு தடவைதான் முயற்சி பண்ணலாம். அதுவும் தப்பானா சிஸ்டம் பூட்டிடும், இந்தச் சமரசமும் ரத்தாயிடும்."

"மாமா பொண்ணு பேரைச் சொல்லும்மா" என்றான் மகன்.

சத்தமே போடாமல்தான் சொன்னான். லென்ஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான். "அந்தப் பேர்தான் இருக்கு. அதைச் சொல்லு, முடிஞ்சிரும். உனக்கு அதானே வேணும்."

கண்ணாடியம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில்தான் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கடை கடையாக ஏறியிருக்கிறான், தெரிந்துகொண்டே படியில் கையைப் பிடித்திருக்கிறான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நாமினி பேர்?"

மூன்றாவது தடவையும் அவள் மகன் பெயரைச் சொன்னாள். இந்த முறை மறைக்கச் சொல்லவில்லை. வேறு பெயர் அவள் வாயிலிருந்து அவன் முன்னால் வர மறுத்துவிட்டது. அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தாள், நேரில் வரச் சொன்னாள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். மகன் எட்டி இணைப்பைத் துண்டித்தான்.

"மூணு தடவை சொன்னா மாறிடுமா?" என்றான். "அங்க வேற பேர்தான் இருக்கு."

"எப்போப்பா கேட்ட?"

"முதல் வாரமே. நான் தேடிப் போகல. ரொட்டிக் கடை அண்ணன் போட்டுக் காட்டினார். 'உங்க அம்மாவும் பேசியிருக்காங்க பாரு'ன்னு. தனியாத் தூங்குற கடுப்பு அவருக்கு."

மனதில் முதலில் எழுந்த கேள்வியை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "அன்னிக்கு நீ... மறுபடியும்..."

"பார்த்தியா" என்றான் அவன். "இப்பவும் அதையேதான் கேக்கிற."

அவள் தலை குனிந்துவிட்டது.

"விளையாடலம்மா. கைப்பேசியைக் கையில எடுத்தேன், அது நிஜம். எடுத்து, கூட்டத்துக்காரர்கிட்ட பேசினேன். விடிய விடியப் பேசினேன்."

"தெரிஞ்சிருந்தும் எதுக்குப்பா என்னை வக்கீல்கிட்ட இழுத்துட்டுப் போனே? ஊர் முன்னால என்னைத் தலைகுனிய வைக்கவா?"

"ஊரை யார் கேட்டா?" முதல் முறையாக அவன் குரல் உடைந்தது. "அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லேன்னு சொல்றே அதுல. யாரோ ஒருத்தன்கிட்ட சொல்றே. தெருவுல போறவன் வர்றவனெல்லாம் கேட்டுட்டான். ரொட்டிக் கடை அண்ணன் கேட்டுட்டார். என்கிட்ட மட்டும் நீ சொல்லல. கூண்டுல ஏறினா நான் எதிர்ல உக்காந்திருப்பேன். அப்போ சொல்லித்தானே ஆகணும் நீ? அதுக்குத்தான். உன் வாயால, என் மூஞ்சியைப் பார்த்து. அவ்வளவுதான் எனக்கு வேணும். பணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

தெருவில் யாரோ தையல்காரரோடு சட்டையின் கைநீளம் குறித்துச் சண்டை போடுவது கேட்டது. சாவி கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை நடந்ததையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். அவனைக் காப்பாற்றத்தான் மறைத்தோம் என்று நினைத்திருந்தாள். தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

மேஜைக்கு முன்னால் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி இருந்தது. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி பார்க்க, மூக்கின் சரிவு பார்க்க, அதில்தான் ஆளை உட்கார வைத்து முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி எதிரே உட்காருவாள். ஊரில் உள்ள முகமெல்லாம் அவளுக்குக் கைரேகை மாதிரி அத்துப்படி. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு" என்றாள்.

"எதுக்கு?"

"உக்காருப்பா. கோர்ட்டு, கேஸு எல்லாம் இருக்கட்டும், அதுக்கும் வரேன். முன்னாலயும் நிக்கறேன். முதல்ல உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அவள் தன் முக்காலியை நகர்த்தி எதிரே உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினாள். கழற்றினால் அவன் முகம் மங்கிவிடும், சொல்வதற்கு வசதியாக இருக்கும். கையை இறக்கிவிட்டாள். அவன் அப்பாவின் புருவம் அவனுக்கு. வலது கண்ணுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாவியைக் கொடுத்தப்போ உன்னை நான் நம்பலப்பா" என்றாள். குரல் கீச்சென்றுதான் வந்தது. "இப்பவும் முழுசா நம்பல. தினமும் நீ போனை எடுக்கும்போதெல்லாம் உன் கட்டைவிரல் எப்படி ஓடுதுன்னுதான் பார்க்கிறேன்."

அவன் முகம் ஒருமுறை சுருங்கியது. அடி வாங்கினவன் முகம்தான் அது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் எழவில்லை, பார்வையையும் எடுக்கவில்லை.

"ம்" என்றான். "மேல சொல்லு."